கத்தி படாத வயிறு

"சேச்சி, தொப்புள்ல என்ன இது, எண்ணெயா?"

கேரளத்து லிஸி சிஸ்டர் என் வயிற்றின் மேல் குனிந்திருந்தார். ஒரு கையில் இடுக்கி, அதன் முனையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. மறுநாள் காலை எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். அதற்காக மாலை நான்கு மணிக்கே வயிற்றைச் சுத்தம் செய்ய வந்துவிட்டார். கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்துவிட்டிருந்தது. மேலே மின்விசிறி சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை.

"விளக்கெண்ணெய்," என்றேன்.

"எதுக்கு?"

"சூட்டுக்கு."

சிஸ்டர் சிரித்துவிட்டார். "எங்க அம்மையும் இப்படித்தான். ஆனா சேச்சி, நாளைக்கு முதல் ஓட்டை போடறதே இங்கதான். நீங்க இதுக்குள்ள ஒரு எண்ணெய்க்கடை வெச்சிருக்கீங்களே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஜூன் மாதத்து டெல்லியில் இருந்தவர்களுக்குத் தெரியும், குழாயைத் திறந்தால் தண்ணீரே கொதித்துக்கொண்டு வரும். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு அந்தச் சூட்டுக்குத் தெரிந்த ஒரே மருந்து, தொப்புளில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் நகப்பூச்சு கூடாது, வளையல் கூடாது, இத்தனை மணிக்கு மேல் தண்ணீர் கூடாது என்று வரிசையாக எழுதியிருந்தது. தொப்புளைப் பற்றி ஒன்றும் இல்லை. மயக்க மருந்து உடம்புக்குச் சூடு என்று யாரோ சொன்னதால், அன்று காலை வழக்கத்தைவிட நாலு சொட்டு அதிகமாகவே விட்டிருந்தேன்.

முதல் பஞ்சு மஞ்சளாக வந்தது. இரண்டாவதும். ஐந்தாவது பஞ்சில் சிஸ்டரின் கை நின்றது. என் பாவாடை நாடாவைச் சற்றுக் கீழே தள்ளிவிட்டு, தொப்புளுக்குக் கீழே விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார்.

"இது என்ன சேச்சி?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையை எடுத்துப் புரட்டினார்.

"முன்னாடி ஆபரேஷன் ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கே?"

திரைக்கு அந்தப் பக்கம் என் மகள் நித்யா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். திரையின் அடியில் அவளுடைய செருப்புக் கால் தெரிந்தது. காதில் மாட்டியிருந்த ஏதோ பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு கேள்விக்குப் பதில்

சென்ற வாரம் இந்தப் பகுதியில் எல்.கே.ஜி. வகுப்பின் முதல் நாள் அழுகையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "நாள் முழுக்கக் குழந்தைகளைத் தூக்குகிறீர்களே, உடம்பு ஒத்துழைக்கிறதா?" என்று கேட்டிருந்தார். அதற்கு நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். லிஸி சிஸ்டரின் பஞ்சுதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. இந்த வாரம் அதையே எழுதிவிடுகிறேன்.

நான் லோதி ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. என் வீட்டுக்காரர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் டிரைவர். அதனால் கிடைத்த குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். நித்யா ஒரே மகள். துவாரகாவில் ஒரு கம்பெனியில் வேலை, மெட்ரோவில் போய் வருகிறாள்.

அந்த வருடம் மே மாதத்தில் ஒரு நாள் பூரி சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறியது. வாயு என்று ஓமம் மென்றேன். இரண்டாவது முறை வந்தபோது தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, "பித்தே கி பத்ரி," என்றாள். பித்தப்பையில் கல்.

டெல்லியில் இந்த ஆபரேஷனுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. காய்கறிக்காரரிலிருந்து கம்பவுண்டர் வரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தூர்பீன் ஆபரேஷன், சீரா ஆபரேஷன். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டி.வி.யில் பார்த்துக்கொண்டே பையை எடுப்பது தூர்பீன். விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத் திறந்து எடுப்பது சீரா.

சீரா என்றால் என்ன என்று எனக்குப் பக்கத்திலிருந்து தெரியும். அதற்குக் காரணம் பெரியக்கா.

பதினோரு கல்

பெரியக்கா என்பது என் வீட்டுக்காரரின் அண்ணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கரோல் பாக்கில் அதே வாடகை வீடு. நித்யா கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். அப்போது எங்களைப் போன்றவர்களுக்குச் சீராதான். ஏழெட்டு நாள் ஆஸ்பத்திரி. அதன் பிறகு ஒன்றரை மாதம் நான்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் அவருக்குச் சமைத்துப் போட்டேன்.

இருமல் வந்தால் போதும், தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். சிரிக்க முடியாது, அதனால் யாரையும் சிரிக்கவும் விடமாட்டார். அரை வாளித் தண்ணீர் தூக்க மூன்று மாதம் ஆனது.

ஆனால் தேறியதும் அந்தத் தழும்பு அவருக்கு ஒரு பெருமையாகிவிட்டது. வருகிறவர்கள் பெண்களாக இருந்தால் முந்தானையை ஒதுக்கிக் காட்டுவார். கல்லையெல்லாம் ஒரு தைலக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறார். "பதினோரு கல்லு. எண்ணிப் பாரு. டாக்டரே அசந்துட்டாரு."

எனக்கும் கல் என்று கேள்விப்பட்டதும் நேரிலேயே வந்துவிட்டார்.

"தூர்பீனாமே? நாலு ஓட்டை போட்டு எட்டிப் பாத்தா மூலை முடுக்கெல்லாம் தெரியுமாடி? கதவத் தொறந்து வெச்சுப் பெருக்குனாத்தான் வூடு சுத்தமாவும்."

"இப்ப எல்லாரும் அதான் பண்றாங்க பெரியம்மா," என்றாள் நித்யா. "ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. டென்ஷன் எதுக்கு?"

"நீ சொல்லுவ. உங்கம்மா கத்தி படாத வயித்துக்காரி. ஒரு ஊசிக்கே ஊரக் கூட்டுவா."

இந்த வார்த்தையை அவர் என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. நான் ஒன்றரை மாதம் சமைத்துப் போட்டபோதே தினம் சொன்னார். "உனக்கென்னடி தெரியும், கத்தி படாத வயிறு." நான் சிரித்துக்கொண்டே சட்னி அரைப்பேன்.

மூன்று மாதம் வரை

இப்போது எழுதிவிடுகிறேன். கல்யாணமாகி டெல்லிக்கு வந்த முதல் வருடம் நான் முழுகாமல் இருந்தேன். எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் முடியும் முன்னால் வெளியே சொல்லும் வழக்கமில்லை. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் வைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது ஒரு சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

இரண்டு மாதம் முடிந்த சமயம், தெருக்குழாயில் வாளியைத் தூக்கியவள் அப்படியே சரிந்தேன். கண்ணைத் திறந்தபோது ஆஸ்பத்திரி. கரு கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, வயிறு முழுக்க ரத்தம் என்று சொன்னார்கள். தொப்புளுக்குக் கீழே நேராகக் கிழித்து ஒரு பக்கத்துக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவர் பார்வை நேரத்தில் வந்து நின்றார். அவருக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். "ஊருக்கு எழுத வேணாம்," என்றார். "ஒரு பக்கம் போச்சுன்னா உனக்குக் குழந்தையே பொறக்காதுன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. நாம சொன்னாத்தான தெரியும்?"

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. பெரியக்காவிடம் எனக்கு டைஃபாய்டு, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார். யாரும் வார்டுப் பக்கம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து நித்யா பிறந்தாள். சுகப்பிரசவம். அதன் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. எங்கள் இருவருக்குள்ளும்கூட நாங்கள் அதைப் பேசவில்லை. வயிறு தளர்ந்து, பாவாடை நாடாவின் கறுப்புத் தடத்துக்குள் அந்தக் கோடு பாதி மறைந்தும் போனது.

நித்யா சொன்ன நஹீ

ஸ்கேனுக்குப் பிறகு சர்ஜரி ஓ.பி.டி.க்குப் போன நாள் வீட்டுக்காரருக்கு டியூட்டி. நித்யாதான் லீவு போட்டுக் கூட வந்தாள். எனக்கு இந்தி நன்றாகவே வரும், ஆனால் டாக்டர் முன்னால் எந்த மொழியும் வராது. நித்யாவுக்கு அது தெரியும். கேட்பதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். சுகர்? நஹீ. பி.பி.? நஹீ. சின்ன வயது டாக்டர், எழுதிக்கொண்டே கேட்டார்: "பெஹ்லே கோயி ஆபரேஷன்?" முன்னால் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று.

"நஹீ," என்றாள். "நான் பொறந்ததுகூட நார்மல்தான்."

வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கத்தான் போனேன். அதற்குள் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். தூர்பீன் என்றால் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம், பத்து நாளில் சாதாரண வேலைக்குப் போகலாம். சீரா என்றால் ஒரு வாரம் இங்கே, பிறகு ஆறு வாரம் ஓய்வு, அதற்கு மேலும் பாரம் தூக்கக்கூடாது. "வயிற்றில் ஏற்கெனவே கத்தி வைத்திருந்தால் சில பேருக்கு தூர்பீன் ஒத்துவராது. உங்க அம்மாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லையே," என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் ஜூலை முதல் வாரம் திறக்கும். நாங்கள் ஆயாக்கள் எல்லோரும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். திறக்கிற அன்று யார் வாசலில் நிற்கிறார்களோ அவர்களுக்கு வகுப்பு. வராதவள் இடத்தில் வேறொருத்தி வந்துவிடுவாள், பிறகு அவளை யாரும் போகச் சொல்லமாட்டார்கள். ஜூன் மூன்றாம் வாரம் தூர்பீன் என்றால் ஜூலைக்கு நின்றுவிடுவேன். சீரா என்றால் என் எல்.கே.ஜி. போயிற்று.

வெட்கம் பாதி, ஜூலை பாதி. அதனால் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது.

திரைக்குள்

லிஸி சிஸ்டர் அட்டையைக் கம்பியில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சேச்சி, கேளுங்க. நாளைக்கு முதல்ல தொப்புள்ல ஒரு ஓட்டை போட்டுத்தான் உள்ள போவாங்க. அதுவரை கேமரா கிடையாது. பழைய தையல் இருந்தா சில பேருக்குக் குடல் அதுல ஒட்டிப் பிடிச்சிருக்கும். அது தெரியாம போனா நேரா குடல்ல போய்க் குத்தும். புரியுதா?"

புரிந்தது.

"சொன்னா சீராதானா?"

"அது பெரிய டாக்டர் பார்த்துத் தீர்மானிக்கும். அஞ்சு மணிக்கு ரவுண்ட்ஸ். நீங்க சொல்லணும், இல்லைன்னா நான் சொல்லணும். நீங்களே சொல்லறதுதான் நல்லது."

"என் பொண்ணு முன்னால வேணாம் சிஸ்டர்."

அவர் திரையின் அடியில் தெரிந்த காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சேச்சியோட வயிறு," என்று மட்டும் சொல்லிவிட்டு ட்ரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நித்யாவை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஏதோ ஒரு அரசாங்கப் பவன் வாசலில் வண்டியில் காத்துக்கொண்டிருந்தார்.

"தழும்பப் பாத்துட்டாங்க," என்றேன்.

பின்னால் ஹாரன் மட்டும் கேட்டது.

"நித்யா பக்கத்துல இருக்காளா?"

"இல்ல. டாக்டர்கிட்ட சொல்லணுமாம். சொல்லாட்டி குடல்ல குத்திடுமாம்."

"சார் வந்துட்டாரு, நான் அப்பறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார். சார் நிஜமாகவே வந்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பக்கத்துக் கட்டிலில் சோனிபத்திலிருந்து வந்த ஒரு அம்மா. பை அழுகிப்போய் வந்ததால் அவருக்குச் சீராதான் போட்டிருந்தார்கள். ஆறாவது நாள். துப்பட்டாவை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் என்னைப் பார்த்து, "இதோ பார், சாகவில்லை," என்பது போலத் தலையை ஆட்டுவார். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஐந்து மணி

பெரிய டாக்டர் நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்ட பஞ்சாபிப் பெண்மணி. நித்யா டீயோடு திரும்பி வந்த அதே நேரம் அவரும் வந்துவிட்டார். பின்னால் ஓ.பி.டி.யில் பார்த்த அந்தச் சின்ன டாக்டர், அவருக்கும் பின்னால் லிஸி சிஸ்டர்.

"செல்வி ஜி, கைசீ ஹோ?" என்று நலம் கேட்டுவிட்டு அட்டையைப் பார்த்தார். சின்ன டாக்டர் ஒப்பித்தார். சுகர் இல்லை, பி.பி. இல்லை, பழைய ஆபரேஷன் இல்லை. பெரிய டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டில் பக்கம் திரும்பினார். லிஸி சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜி," என்றேன். "ஹுவா தா."

ஆகியிருக்கிறது என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"அம்மா, என்னா?" என்றாள் நித்யா.

டாக்டர் திரும்பி வந்தார். என்ன ஆபரேஷன் என்று கேட்டார். அதற்கு இந்தியில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் வார்டு ஆயா சொன்ன வார்த்தைகள்தான் மனதில் இருந்தன. அதையே சொன்னேன். "பச்சா நலி மே டெஹர் கயா தா." குழந்தை குழாயிலேயே தங்கிவிட்டது.

நித்யா டெல்லியில் பிறந்தவள். தமிழில் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருப்பாள். இந்தியில் சொன்னதால் உடனே புரிந்துவிட்டது. கையிலிருந்த டீ கிளாஸை மெதுவாக அலமாரி மேல் வைத்தாள்.

டாக்டர் துணியை விலக்கி அந்தக் கோட்டை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சின்ன டாக்டரிடம் மட்டும் கேட்டார்: "பேட் தேக்கா தா, யா சிர்ஃப் ஃபார்ம்?" வயிற்றைப் பார்த்தாயா, காகிதத்தை மட்டும் பார்த்தாயா. அவர் காது சிவந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. தப்பு என்னுடையதும்தானே.

பிறகு என் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே விளக்கினார். தொப்புள் வழியாகப் போகப் போவதில்லை. இடது பக்கம் விலாவுக்குக் கீழே, பழைய தையலுக்குத் தூரமாக ஒரு ஓட்டை போட்டு, முதலில் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். வழி இருந்தால் தூர்பீன். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டுச் சீரா.

"சீரா போட்டால் யாரும் தோற்றுப் போனதாக அர்த்தமில்லை, செல்வி ஜி. இரண்டிலும் வெளியே வருவது அதே பைதான். எது உங்களுக்குப் பத்திரமோ அதைச் செய்வேன். அதை மட்டும் உள்ளே போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

இரண்டுக்கும் சேர்த்து ஒரே காகிதத்தில் சம்மதம் வாங்கினார்கள். தமிழில் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு நாளாக எதற்குப் பயந்தேனோ அது நடந்து முடிந்துவிட்டது. எந்த ஆபரேஷன் என்பதை இனி என்னால் தீர்மானிக்க முடியாது. அதுவே ஒரு ஓய்வு மாதிரி இருந்தது.

எல்லோரும் போன பிறகு நித்யா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு முன்னாடியா?"

"ஆமா."

"எத்தனை மாசம்?"

"ரெண்டு."

"ஏன் சொல்லலை?"

"எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலடி."

அவள் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான்தான் எல்லாத்துக்கும் நஹீ நஹீன்னு சொன்னேன். நாளைக்கு உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, அது என் வாயால ஆயிருக்கும். யோசிச்சியா நீ?"

யோசிக்கவில்லை. என் வெட்கம் என்னோடு போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் தலையில் விழும் என்று தோன்றவேயில்லை. அவள் கையைப் பிடித்தேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை. "டீ ஆறிடுச்சு, நானே குடிச்சுக்கறேன்," என்றாள்.

ஐந்து பிளாஸ்திரி

மறுநாள் கண் விழித்ததும் முதலில் தெரிந்தது தொண்டை வறட்சி. அடுத்தது வலது தோளில் ஒரு வலி. வயிற்றில் ஆபரேஷன் செய்துவிட்டுத் தோள் ஏன் வலிக்கிறது, இதயமோ என்று பயந்தேன். உள்ளே நிரப்பிய காற்றின் வேலை அது, இரண்டு நாளில் போய்விடும் என்று பிறகு சொன்னார்கள். தூர்பீன் செய்துகொள்ளப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கெண்ணெய் வைக்கும் வழக்கமுள்ளவர்கள் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

வலது விலாவுக்குக் கீழே கையைக் கொண்டுபோனேன். நீளமான கட்டு இல்லை. சின்னச் சின்னப் பிளாஸ்திரி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இடது பக்கம் இன்னொன்று. ஐந்து.

"நாலுன்னுதான சொன்னாங்க?" என்று நித்யாவிடம் கேட்டேன்.

"கணக்கு பாக்கற அளவுக்குத் தெளிஞ்சுட்டியா," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரிய டாக்டர் மதியம் வந்தார். ஐந்தாவதுதான் அவர் முதலில் எட்டிப் பார்த்த ஓட்டையாம். "தொப்புளிலிருந்து கீழே முழுக்கக் குடல் ஒட்டியிருந்தது. தவாவில் ஒட்டிய ரொட்டி மாதிரி. தொப்புளுக்குக் கீழே தொடவே இல்லை, மேலேயே வேலையை முடித்துவிட்டோம்." கொஞ்சம் நிறுத்தி, "வழக்கம் போலப் போயிருந்தால்," என்று ஆரம்பித்தவர் அதை முடிக்காமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் உயிரோடிருப்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அதே காற்றில்லாத மின்விசிறி. போதும் போலிருந்தது.

பார்வை நேரத்தில் பெரியக்கா ரசம் சாதத்தோடு வந்தார். நித்யா பிளாஸ்திரிகளைக் காட்டினாள்.

"அஞ்சா? எனக்கு ஒண்ணுதான்டி. கணக்குப் பாத்தா எனக்குத்தான் கம்மி. கல்லு எத்தனை?"

"மூணு," என்றேன்.

"மூணுதானா," என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், வலித்தது, ஆனாலும் சிரிக்க முடிந்தது.

ஜூலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திறக்கிற அன்று வாசலில் நின்றேன். எல்.கே.ஜி. கிடைத்தது. ஆகஸ்ட் வரை யாரையும் தூக்கவில்லை, தரையில் உட்கார்ந்துகொண்டேன். அழுகிறவர்கள் தாங்களாகவே மடியில் ஏறிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நித்யா ஆபீஸுக்குப் போயாக வேண்டியிருந்தது. வீட்டுக்காரர்தான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். அந்தப் போனுக்குப் பிறகு நாங்கள் தனியாகப் பேசவில்லை.

ஆட்டோவில் என் மடியில் ஒரு தலையணையை வைத்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும், "பையா, தீரே, தீரே," என்று மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரின் முதுகைத் தொட்டுக்கொண்டே வந்தார். அவர் ஓட்டும் வண்டியில் யாராவது அவரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பார்.

பாதி வழியில், "அன்னிக்கு உன்ன பஸ்ல கூட்டிட்டு வந்தேன்," என்றார்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"ஆட்டோவுக்குக் காசு இருந்துச்சு. வீட்டு முன்னால ஆட்டோ வந்து நின்னா எல்லாரும் என்னான்னு கேப்பாங்கன்னு பஸ்ல ஏத்துனேன். தையலோட நின்னுட்டே வந்த. கம்பியப் புடிச்சிருந்த கை வெளுத்துப் போச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு வந்தேன்."

நான் அதை மறந்திருந்தேன். வலியைத்தான் நினைவு வைத்திருந்தேன். பஸ்ஸை அவர்தான் நினைவு வைத்திருந்தார், இத்தனை வருடமாக.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ நின்றது. எங்களுக்கு எதிர் வரிசையில், முதல் மாடி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மிஸ்ராஜி வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "அரே, பாபி ஜி கோ க்யா ஹுவா?" அண்ணிக்கு என்ன ஆயிற்று என்று.

வழக்கமாக இவர், ஒன்றுமில்லை, சும்மா, என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போகிறவர். அன்றைக்கு என் தோளைப் பிடித்தபடி நின்று, மேலே பார்த்து உரக்கச் சொன்னார்.

"ஆபரேஷன் ஹுவா ஹை. தூஸ்ரா ஆபரேஷன்."

இரண்டாவது ஆபரேஷன். கீழ்வீட்டுக் கதவும் திறந்தது. முதல் ஆபரேஷன் எப்போது, எங்களுக்குத் தெரியவே தெரியாதே என்று மிஸ்ராஜி வீட்டு அம்மா கேட்டார். சாயங்காலத்துக்குள் இது கரோல் பாக் பெரியக்கா வரை போய்விடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் சொல்ல ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில், இரண்டு மாதம், குழாய், ரத்தம் என்று ஒவ்வொன்றாக, இந்தியில் தட்டுத் தடுமாறி.

நான் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வெயில் நேராகத் தலையில் இறங்கியது. அவர் சொல்லி முடிக்கும்வரை உள்ளே போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.